பிரஷர் கிளினிக்கில் டொக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது: மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கான முழு வழிகாட்டி

கிளினிக் நாள். ஒருவர் விடிய நாலு மணிக்கு எழும்பி, படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். இரத்தம் எடுப்பார்கள் என்று சாப்பிடவில்லை, அதோடு சேர்த்துக் காலைக் குளிசையையும் போடவில்லை. இடம் போய்விடும் என்ற பயத்தில் சலத்தை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். கூப்பிட்டதும் அவசரமாகப் போய் இருக்க, கையில் பட்டியைச் சுற்றுகிறார்கள். 168/100. கொப்பியைப் புரட்டினால் போன மாதமும் கூடத்தான். டொக்டர் இன்னொரு குளிசையைச் சேர்க்கிறார்.

அந்த 168 அவருடைய உண்மையான பிரஷர் அல்ல. போடாத குளிசையும், நிறைந்த சலப்பையும், நித்திரை இல்லாத இரவும், வரிசையில் நின்ற களைப்பும் கலந்த எண் அது. டொக்டருக்கு அது தெரிய வழியில்லை. ஒரு நாளில் நூற்றுக்கு மேல் கொப்பி பார்க்கிற கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் சரியான தகவல் மேசைக்குப் போனால் சரியான மருந்து வரும். அதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த வழிகாட்டி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிறவருக்கும், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளுக்குப் போகிறவருக்கும், தனியாரிடம் சனல் பண்ணிப் பார்க்கிறவருக்கும் இது ஒன்றேதான்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக

மேல் எண் இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போதுள்ள அமுக்கம், கீழ் எண் இதயம் ஓய்வாக விரியும்போதுள்ளது. ஆஸ்பத்திரியில் வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர் குருதி அமுக்கம் என்கிறோம். வீட்டில் அமைதியாக அளக்கும்போது எல்லை சற்றுக் கீழே: சராசரி 135/85 அல்லது அதற்கு மேல். இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டில் 138/88 வந்ததை "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுபவர்கள் பலர்.

பிரஷர் கூடினால் தலையிடி வரும், பிடரி வலிக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிறுநீரகமும் கண்ணும் இதயமும் மூளையின் இரத்தக்குழாய்களும் உள்ளுக்குள்ளே பழுதாகிக்கொண்டிருக்கும். 35 வயது தாண்டியும் ஒரு தடவைகூட அளக்காதவர்கள், பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவ பராமரிப்பு நிலையங்களிலும் நடக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் காசில்லாமல் அளந்துகொள்ளலாம்.

கிளினிக்குக்கு ஒரு கிழமை முன்: வீட்டில் அளப்பது

டொக்டரிடம் கொண்டுபோகக்கூடியவற்றுள் மிகப் பெறுமதியானது ஏழு நாள் வீட்டு அளவுதான். மெஷின் மேற்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது கையின் உயரம் சற்று மாறினாலும் பிழை காட்டும், போன் செயலியையும் விரல் மெஷினையும் நம்பவே வேண்டாம். வாங்குமுன் மேற்கையின் நடுவைத் தையல் நாடாவால் சுற்றி அளந்து பாருங்கள். பெரும்பாலான மெஷின்களோடு வரும் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் கைக்கானது. கை அதைவிடப் பருமனாக இருக்க அந்தப் பட்டியையே இறுக்கிக் கட்டினால் உண்மையைவிடக் கூடிய எண் வரும். அப்படியானவர்கள் பெரிய பட்டி கேட்டு வாங்க வேண்டும். மெஷின் இல்லாவிட்டால் அயலில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒன்றை வாங்குவதும் நல்ல வழிதான்.

அளக்கும் முறை:

1. காலையில் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், சலம் போன பிறகு, தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் முன்பு. இரவில் படுக்கப் போகுமுன். இரண்டு வேளையும் அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு, வெற்றிலை புகையிலை, பாரமான வேலை எதுவும் கூடாது.
2. சாய்மானம் உள்ள கதிரையில் முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இரண்டு பாதமும் தரையில் படியட்டும். காலுக்கு மேல் கால் போட்டால் எண் கூடும்.
3. மேற்கையில் துணி இருக்கக்கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு மாதிரி இறுக்கும், கழற்றுவது நல்லது. பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே.
4. கை மேசையில், நெஞ்சு மட்டத்தில் தளர்வாகக் கிடக்கட்டும். கை கீழே தொங்கினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.
5. மெஷின் ஓடும்போது பேசக்கூடாது. "என்ன, கூடவா?" என்று கேட்பதுகூட எண்ணை ஏற்றும்.
6. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். ஒரு கையில் தொடர்ந்து கூட வந்தால் அந்தக் கையிலேயே எப்போதும் அளக்க வேண்டும். மேல் எண்ணில் 10க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கொப்பியில் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்:

செவ்வாய், காலை 6.10, இடது கை, 148/92, 144/90, நாடி 78, குளிசைக்கு முன். இரா நித்திரை இல்லை.

அந்தக் கடைசி மூன்று சொல் முக்கியம். ஏன் கூடியது என்பதற்கான தடயம் அதில் இருக்கும். கருவாட்டுக் கறி, சண்டை சச்சரவு, வலிக் குளிசை, கொண்டாட்டத்தில் எடுத்த சாராயம் எல்லாவற்றையும் இப்படியே ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள்.

ஏழு நாள் முடிந்ததும் முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தைக் கூட்டி வகுத்தால் சராசரி. முதல் நாள் எண் பழக்கமில்லாமையால் பொதுவாகக் கூடுதலாக இருக்கும், அதனால்தான் தள்ளுகிறோம். ஆறு நாளில் நாளுக்கு நாலு என்றால் 24 எண். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி, 24 ஆல் பிரியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை போனில் இரண்டு நிமிடத்தில் செய்து தரும். அந்தச் சராசரியைப் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். டொக்டரின் கண் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

வயது போனவர்களும் சீனி வருத்தம் உள்ளவர்களும் இன்னொன்றையும் செய்யுங்கள்: இருந்து அளந்த பிறகு எழும்பி நின்று, ஒரு நிமிடத்தில் ஒன்றும் மூன்று நிமிடத்தில் ஒன்றும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அல்லது கண் இருட்டிக்கொண்டு வந்தால், அதுவும் டொக்டருக்குக் கட்டாயம் போக வேண்டிய செய்தி. விடியப்புறம் சலத்துக்கு எழும்பி விழுந்து இடுப்பெலும்பு முறிபவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

மாசத்தில் ஒரு நாள் மெஷினையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், தாதி அளந்த உடனே உங்கள் மெஷினிலும் அளந்து பாருங்கள். பற்றரி இறங்கிய மெஷினையும் காற்றுக் கசியும் பட்டியையும் இப்படித்தான் பிடிக்க முடியும். நாடி ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு அடிப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் நம்பகமாகக் காட்டா. நாடி ஒழுங்கில்லை என்று காட்டும் குறி மெஷினில் அடிக்கடி வந்தால், அதைப் பற்றிக் கேளுங்கள்.

பையில் போட வேண்டியவை

கிளினிக் கொப்பி, ஏழு நாள் கணக்கு, பழைய இரத்த றிப்போட்டுகள். அதோடு வீட்டில் உள்ள குளிசை எல்லாம். எல்லாம் என்றால் எல்லாமே: ஆஸ்பத்திரியில் தந்த கடதாசி உறைகள், பார்மசியில் வாங்கிய அட்டைகள், மூட்டு வலிக்குப் போடுவது, ஆயுர்வேத சித்த மருந்துப் போத்தல், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விற்றமின். ஒரு பொலித்தீன் பையில் அள்ளிப் போட்டு மேசையில் வைத்தால் டொக்டர் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

இதில் அடிக்கடி பிடிபடும் பிழை இரட்டைக் குளிசை. ஆஸ்பத்திரி உறையில் அம்லோடிபின் என்று எழுதியிருக்கும், சனல் பண்ணின இடத்தில் தந்த அட்டையில் கம்பனிப் பெயர் பெரிதாகவும் அம்லோடிபின் என்பது பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். நிறத்தையும் வடிவத்தையும் வைத்துக் குளிசையை அடையாளம் வைக்காதீர்கள், ஸ்ரொக் மாறும்போது அவையும் மாறும். மருந்தின் பெயரையும் மில்லிகிராம் எண்ணையும் மனப்பாடம் செய்யுங்கள், அல்லது கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மாரி வெள்ளத்தில் கொப்பி நனைந்தாலும் அந்தப் படம் இருக்கும்.

கிளினிக் காலை

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தாலும், டொக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, பிரஷர் குளிசையை வழக்கமான நேரத்தில் ஒரு மடக்குப் பச்சைத் தண்ணீரோடு போட்டுவிடுங்கள். இது சீனிக் குளிசைக்கும் இன்சுலினுக்கும் பொருந்தாது, அவற்றைச் சாப்பாடு இல்லாமல் எடுத்தால் சீனி ஆபத்தாக இறங்கும். சாப்பாட்டுப் பொதியோடு அவற்றையும் கையோடு கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு பாவியுங்கள்.

கை எளிதில் மேலேறும் உடுப்பு உடுங்கள். நம்பர் துண்டு எடுத்ததும், முன்னால் பின்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, சலம் போய் வாருங்கள். பிரஷர் பார்க்கும் இடத்தில் "மிஸ், இப்பதான் வந்தன், ரெண்டு நிமிசம் இருந்திட்டுக் கை தரட்டா?" என்று கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. முதல் எண் கூட வந்தால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மேசைக்கு முன்னால் முதலில் சொல்ல வேண்டியது

"எப்படி இருக்கிறீங்க?" என்றால் "நல்லா இருக்கு டொக்டர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒரு வரியில் உங்கள் நேரம் முடிந்துபோகிறது. அதற்குப் பதிலாக மூன்று செய்தியை இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: வீட்டுச் சராசரி எவ்வளவு, குளிசை எத்தனை நாள் விடுபட்டது, உடம்பில் புதிதாக என்ன மாறியிருக்கிறது.

இரண்டாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சொல்வதற்குக் கூச்சமாகவும் இருக்கும். ஏச்சு விழும் என்று பயந்து "ஒழுங்காப் போடுறன்" என்று சொல்பவர்கள் அதிகம். அதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிழமையில் மூன்று நாள் மட்டும் குளிசை போடுகிற ஒருவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. டொக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்துக் கூட்டுகிறார். அடுத்த மாதமும் அப்படியே, மூன்றாவது குளிசையும் வருகிறது. பிறகு ஒரு நாள் காய்ச்சலுக்கு வார்டில் சேர்க்கிறார்கள். அங்கே தாதி கொப்பியில் உள்ளபடி அத்தனை குளிசையையும் நேரத்துக்குக் கொடுக்கிறார். அன்றைக்கு அவருடைய பிரஷர் ஒரேயடியாக விழுகிறது. உடம்பு ஒருநாளும் முழு அளவைக் கண்டதே இல்லை, கொப்பிக்கு மட்டும்தான் அது பழக்கம்.

ஆகவே எண்ணோடு சொல்லுங்கள். "ராக் குளிசைய போன மாசம் எட்டு நாள் போடல்ல டொக்டர். வயலுக்குக் காவலுக்குப் போனா விட்டுப் போகுது." இப்படிச் சொன்னால் டொக்டரால் உதவ முடியும். இரவுக் குளிசையைக் காலைக்கு மாற்றலாம், இரண்டு வேளை மருந்தை ஒரு வேளை மருந்தாக்கலாம், ஸ்ரொக் இல்லாமல் வெளியில் வாங்கச் சொன்னதைக் காசில்லாமல் வாங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிற வேறொன்றைத் தரலாம். காரணம் தெரியாதவரால் அளவைக் கூட்டத்தான் முடியும்.

அடுத்து, பிரஷரை ஏற்றும் மற்ற மருந்துகள். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் போடும் டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் வேலையையும் குறைக்கும். எனலாப்ரில் அல்லது லொசார்ட்டன் என்ற பிரஷர் குளிசையோடு, சலத்தைக் கூட்டும் நீர்க்குளிசையும் எடுக்கிறவர் இவற்றையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் சடுதியாகப் பழுதாகலாம். வெட்டுக் காலத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டுக் கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வலிக்குப் பரசிற்றமோல் எவ்வளவு போடலாம் என்று கேளுங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரீரொயிட், மூக்கடைப்புக்கான சில தடிமன் குளிசைகள், கருத்தடைக் குளிசை இவையும் பட்டியலில் சேரும்.

அதிமதுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருமலுக்கும் தொண்டைக்கும் நாங்கள் சாதாரணமாகக் குடிக்கும் கசாயங்களிலும் பக்கெற் பானங்களிலும் அது இருக்கும். தொடர்ந்து நாட்கணக்கில் எடுத்தால் பிரஷரை ஏற்றி இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். மூலிகைதானே என்று டொக்டரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

உடம்பில் மாறியது: எந்தக் குளிசை என்ன செய்யும்

பக்கவிளைவுக்குப் பயந்து தானாகக் குளிசையை நிறுத்திவிட்டு, கிளினிக்கில் அதைச் சொல்லாமல் இருப்பது இரட்டைப் பிழை. ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி உண்டு.

அம்லோடிபினும் நிபெடிபினும் கணுக்காலில் வீக்கம் தரலாம், பின்னேரத்தில் செருப்பு இறுகும். இது அளவோடு கூடும், அளவைக் குறைத்தால் குறையும். எனலாப்ரில் அல்லது லொசார்ட்டன் வகையைச் சேர்க்கும்போதும் சிலருக்கு இறங்கும். இந்த வீக்கத்துக்குத் தானாக நீர்க்குளிசை வாங்கிப் போட்டுப் பயனில்லை, ஏனென்றால் இது உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல, சிறு இரத்தக்குழாய்கள் விரிந்து கசிவதால் வருவது. ஆனால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், குளிசையைக் குற்றம் சொல்லிக்கொண்டிராமல் உடனே காட்டுங்கள்.

எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல். சளி வராது, இரவில் தொண்டை அரிக்கும், இருமல் மருந்து கேட்காது. மாதக்கணக்கில் இருமல் பாணி குடிப்பவர்கள் இருக்கிறார்கள். டொக்டரிடம் சொன்னால் லொசார்ட்டன் வகைக்கு மாற்றுவார். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது வேறு விசயம். அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஹைட்ரோகுளோரோதையசைட் என்ற நீர்க்குளிசை சலத்தைக் கூட்டும், ஆகவே காலையில் போடுவதே வழக்கம். உப்புச் சத்துக் குறைந்து களைப்பு, தசைப்பிடிப்பு, வயதானவர்களுக்குத் தடுமாற்றம் வரலாம். பெருவிரல் மூட்டில் யூரிக் அசிற் வலி முன்பு வந்தவர்கள் அதைச் சொல்லுங்கள்.

அட்டெனலோல், பிசோபுரோலோல் நாடியைக் குறைக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த வகையை ஒருபோதும் சடுதியாக நிறுத்தக்கூடாது. இதயம் வேகமாக அடித்து நெஞ்சு வலி வரலாம்.

ஆண்களுக்கு உறவில் பலவீனம் வந்தால் அதையும் சொல்லலாம். மனைவிக்கும் சொல்லாமல் குளிசையை இரகசியமாக நிறுத்துவதற்கு அது ஒரு பெரிய காரணம். பிரஷர் வருத்தமே அதை உண்டாக்கும், சில குளிசைகளும் உண்டாக்கும். பக்கத்தில் ஆட்கள் நிற்பதால் வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். டொக்டர் புரிந்துகொள்வார்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை

"எனக்கு எவ்வளவில நிக்க வேணும்?" பொதுவாக 140/90க்குக் கீழே. இதய நோய் உள்ளவர்களுக்கு மேல் எண் 130க்குக் கீழே, சீனியோ சிறுநீரக வருத்தமோ உள்ள பலருக்கும் அதுவே இலக்காக இருக்கலாம். மிக வயதானவர்களுக்கு டொக்டர் சற்றுத் தளர்த்துவார். உங்கள் எண்ணைக் கொப்பியின் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

"விட்டுப் போனால் என்ன செய்ய?" நாளுக்கு ஒன்று போடுகிற குளிசையென்றால், அதே நாளில் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தால் அன்றைய ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

"அடுத்த இரத்தம் எப்ப?" கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்பு, சலத்தில் புரதம், ஈ.சி.ஜி. ஆகியவை அடிப்படை. எனலாப்ரில் அல்லது லொசார்ட்டன் புதிதாகத் தொடங்கினாலோ கூட்டினாலோ சில கிழமைகளில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மறந்துபோகும் பரிசோதனை அதுதான், ஆகவே நீங்களே ஞாபகப்படுத்துங்கள். கண்ணின் உட்புறம் பார்ப்பது பற்றியும் கேளுங்கள்.

இரண்டாவது குளிசை தந்தால் "வருத்தம் முத்திப்போச்சா?" என்று கலங்க வேண்டாம். ஒன்றை உச்ச அளவுக்கு ஏற்றுவதைவிட இரண்டைக் குறைந்த அளவில் தருவது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும், பக்கவிளைவும் குறைவு. மருந்து மாற்றி மூன்றாம் நாளே அளந்து "கேட்கல்ல" என்று முடிவு கட்டாதீர்கள். முழுப் பயன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். பிரஷர் இறங்கி 128 வந்ததும் "சுகமாப் போச்சு" என்று நிறுத்துவதும் கூடாது. அந்த 128 குளிசையால் வந்தது.

டொக்டருக்குத் தமிழ் குறைவாக இருந்தால் எண்களே உங்களுக்காகப் பேசும், அதனால்தான் எழுதிக் கொண்டுபோகச் சொல்கிறோம். தாதியிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கலாம். மூன்று சிங்களச் சொற்றொடர் தெரிந்திருந்தால் உதவும்: கால் வீங்கியிருக்கு என்பதற்குக் "கக்குல் இதிமிலா", வறட்டு இருமலுக்கு "வியலி கெஸ்ஸ", மருந்து முடிந்துவிட்டது என்பதற்குப் "பெஹெத் இவரய்".

உப்பைக் கணக்காகச் சொல்வது

"உப்பைக் குறைச்சிட்டன்" என்ற பதிலில் தகவல் ஒன்றும் இல்லை. ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டமாக, என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. வீட்டில் நாலு பேர் என்றால் மாதத்துக்கு 600 கிராம். 400 கிராம் உப்புப் பக்கெற் ஒன்றரை. உங்கள் வீட்டில் மாதம் மூன்று பக்கெற் போகிறதென்றால், மீன் கழுவக் கொட்டியதைக் கழித்தாலும், கூடுதலாகத்தான் போகிறது. "நாலு பேருக்கு மாசம் மூண்டு பக்கெற்" என்று சொன்னால் டொக்டருக்கு உடனே விளங்கும்.

இந்த ஒன்றரைப் பக்கெற்றுக்குள்ளேயே கருவாடு, மாசி, அச்சாறு, மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி, நூடில்ஸ், பாண் எல்லாவற்றின் உப்பும் அடங்க வேண்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஊர் இது, முழுக்க விடச் சொன்னால் நடக்காது. கிழமையில் ஒரு நாளாக்குங்கள். வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தடவை ஊறவிட்டால் உப்புக் கொஞ்சம் இறங்கும், முழுக்க இறங்காது. அந்தக் கறிக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். தேசிக்காய், கொறுக்காய், மிளகு, கறிவேப்பிலை நாக்கை ஏமாற்ற உதவும். கடலோரம், வாவியோரம் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். எனலாப்ரில், லொசார்ட்டன் எடுப்பவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கேட்காமல் பாவிக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய இளநீரும் அப்படித்தான்.

நோன்பு, பாதயாத்திரை, வயல் வெயில்

இவற்றை நாள் நெருங்கியபின் கேட்டுப் பயனில்லை, முந்திய கிளினிக்கிலேயே கேட்க வேண்டும். றமழான் நோன்பு பிடிப்பவர்களுக்கு நாளுக்கு ஒரு தடவை மருந்தைச் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றித் தரலாம். நீர்க்குளிசையைப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத நாளில் எப்போது எடுப்பது, எடுப்பதா என்பதை டொக்டரே தீர்மானிக்கட்டும். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களுக்கும் இதுதான்.

கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தை தாண்டிக் குமண, யால காட்டு வழியில் நாட்கணக்கில் வெயிலில் நடக்கிறீர்கள். வழியில் பார்மசி கிடையாது. நாட்கணக்குக்கு மேல் ஐந்து நாள் குளிசையைக் கூடுதலாக எடுத்து, பாதியை மடியிலும் பாதியை உடன் வருபவரின் பையிலும் நனையாமல் வையுங்கள். வியர்வை கூடும் நாட்களில் நீர்க்குளிசையின் அளவு பற்றிப் புறப்படுமுன் கேளுங்கள்.

வயிற்றோட்டம், வாந்தி வந்து ஒன்றும் தங்காத நாளில் நீர்க்குளிசை, எனலாப்ரில், லொசார்ட்டன் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அப்படியான நாளில் எதை நிறுத்தி எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை இன்றைக்கே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூள் வயிற்றோட்டத்துக்கானது. வெயில் களைப்புக்குத் தினமும் குடித்தால் உப்பைக் குடிப்பதாகிவிடும்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள்

எனலாப்ரிலும் லொசார்ட்டனும் கர்ப்பத்துக்கு ஆகாது. பிள்ளைக்கு யோசித்தால் முன்பே சொல்லி மாற்ற வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் அன்றைக்கே குடும்பநல மாதுவிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் 140/90 வந்தால், அல்லது கடும் தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்தால், அடுத்த கிளினிக் வரை பொறுக்காதீர்கள்.

கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாதவை

மெஷினில் 180/120 அல்லது அதற்கு மேல் வந்தால் ஐந்து நிமிடம் இருந்து திரும்ப அளந்து பாருங்கள். அப்படியே நின்றாலும் உடம்பில் வேறு ஒன்றும் இல்லையென்றால், அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். கூடுதல் குளிசை போட வேண்டாம். நிபெடிபினை நாக்கின் கீழ் வைத்துச் சடுதியாக இறக்கும் பழைய பழக்கம் பாரிசவாதத்தையும் மாரடைப்பையும் வரவழைக்கக்கூடியது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணல், ஒரு கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல், தடுமாற்றம், சடுதியான பார்வைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும், எண் எதுவாக இருந்தாலும், 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். காசு இல்லை. அவர் கடைசியாக நல்லபடி இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். நாலரை மணித்தியாலத்துக்குப் பிந்தினால் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில்

டொக்டரின் அறையோடு வேலை முடியவில்லை. உறைகளை வாங்கியதும் ஜன்னலை விட்டு விலகுமுன் ஒவ்வொன்றையும் கொப்பியோடு ஒப்பிடுங்கள். கொப்பியில் 5 மில்லிகிராம் என்றிருக்க 10 மில்லிகிராம் குளிசை தந்தால் உறையில் "பாதி" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கே கோடு இல்லாத குளிசையையோ மெதுவாகக் கரையும் வகையையோ கேட்காமல் முறிக்க வேண்டாம். "பி.டி." என்றால் நாளுக்கு இரண்டு தடவை, "மேனே" என்றால் காலை, "நொக்டே" என்றால் இரவு. புதிதாக வந்த குளிசை எது, நிறுத்தியது எது என்று கேட்டு, நிறுத்தியதன் உறையை அங்கேயே பிரித்து வையுங்கள். அடுத்த திகதி வரைக்கும் குளிசை காணுமா என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வெள்ளம் வந்து பாதை துண்டிக்கப்படும் இடத்தில் இருப்பவர்கள் ஒரு கிழமைக்குக் கூடுதலாகத் தரச் சொல்லிக் கேட்டு, அதை மூடி போட்ட பிளாஸ்ரிக் போத்தலில் உயரமான தட்டில் வையுங்கள்.